சோதனை

மூன்று மணிக்கு, கூரையின் அடிப்பக்கம் நாற்பத்தொன்று.
பள்ளி ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்த
வெப்பமானி. பொய் சொல்லத் தெரியாத சாமான்.
ஏசி ஓடுகிறது. சுவர் சுடுகிறது.
ஆள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

ராத்திரி முழுக்கப் பணகுடியில்
காற்றாலைக் கோபுரம் ஏறி இறங்கும் இசக்கிராஜ்
பகலில்தான் உறங்கியாக வேண்டும்.
ஊருக்கெல்லாம் கரண்டை அனுப்பிவிட்டு
முதல் பஸ்ஸில் வள்ளியூர், நாங்குநேரி தாண்டி வந்து
கே.டி.சி. நகர் மாடி வீட்டில்
அதே கரண்டை
யூனிட் எட்டு ரூபாய்க்கு வாங்குகிறான்.

எட்டு, வாரியம் வைத்த விலை இல்லை.
கீழ்வீட்டுச் சேர்மக்கனி அக்கா வைத்தது.
முதல் நூறு யூனிட் இலவசம் என்கிறது அரசாங்கம்.
அது மாடிப்படி ஏறி எங்கள் சப்-மீட்டரைத் தொடுவதற்குள்
எண்ணூறு ரூபாய் ஆகிவிடுகிறது.
விதி ஒன்று இருக்கிறது, எனக்கும் தெரியும்.
அட்வான்ஸ் நாற்பதாயிரம் அவள் கையில் இருப்பதும் தெரியும்.

சமாதானபுரத்திலிருந்து அருள்வளன் வந்தார்,
டேப் பிடித்தார். அறுநூற்று இருபது சதுர அடி.
வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு
அடிக்குத் தொண்ணூற்றைந்து,
ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மாதம் ஐந்நூறு மிஞ்சும் என்று வைத்தாலும்
போட்ட காசு திரும்ப நூற்றுப் பதினெட்டு மாதம்.
எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது பதினொன்று.
அக்காவிடம் கேட்டேன்.
"ஓடு போட்டா எனக்கு என்ன தாயி கெடைக்கும்?"
நியாயமான கேள்வி. வேர்ப்பவள் நான்,
கூரை அவளுடையது.

சித்திரை முதல் ஞாயிறு
சுண்ணாம்பு, பசை, பிரஷ் இரண்டு,
உடைந்துபோன மூன்றாவது பிரஷ்:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
கூலி இல்லை. முட்டிவலி கணக்கில் சேராது.
இரண்டு கை பூசினேன்.
எதிர்வீட்டுக்காரர் கண் கூசுகிறதென்று
ஜன்னலில் வேட்டியைத் தொங்கவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு முப்பத்தாறு.
இரண்டு மாதம் கழித்து மீட்டரில்
ஐந்நூற்று அறுபத்திரண்டு நானூற்று நாற்பத்திரண்டானது.
நூற்றிருபதை எட்டால் பெருக்கினேன்,
நம்பாமல் மறுபடியும் பெருக்கினேன்.
தொள்ளாயிரத்து அறுபது.
ஆவணியில் போட்ட காசு திரும்பும்,
ஐப்பசி மழை சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போகும்,
நடுவில் கொஞ்சம் லாபம்.

பில் குறைந்த மாதம் அக்கா மேலே வந்தாள்.
சுவரில் உள்ளங்கையை வைத்தாள்,
கோயில் தூணில் வைப்பதுபோல.
"குளுகுளுன்னு இருக்கே! இந்த வீட்டுக்கு
இப்பம் ரேட்டே வேறல்லா?
மாசம் ஐந்நூறு கூட்டிக் குடு."
இரண்டு மாதத்துக்கு ஆயிரம்.
என் உழைப்பில் எனக்கு நாற்பது ரூபாய் நட்டம்.

"அப்பம் சுண்ணாம்பச் சுரண்டி எடுத்துக்கிடுதேன்" என்றேன்,
தோசைக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.
முந்நூறில் நின்றது.

அன்றிரவு நோட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
இப்போது காசு திரும்பப் பதின்மூன்று மாதம்.
சுண்ணாம்பு ஆறு மாதம் இருந்தால் பெரிது.
எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு கூடவில்லை.

ஆனால் அவன் தூங்கினான்.
வாயைத் திறந்துகொண்டு, அலாரம் அடித்தும் எழாமல்.
எண்பது மீட்டர் உயரத்தில்
இடுப்புக் கொக்கியை மாட்டினோமா என்று
இரண்டு தரம் தடவிப் பார்க்கிற அளவுக்குத் தூக்கம்
யூனிட் என்ன விலை?
அதற்கு நோட்டில் நான் கட்டம் போடவில்லை.

திங்கட்கிழமை வெப்பமானியைத் திருப்பி வைத்தேன்.
பதிவேட்டில், எடுத்த காரணம்: சோதனை.
பொருளின் நிலை: பழுதில்லை.