குறிப்பு என்ற கட்டம்

கிழக்கே கணவாய் திறந்து கிடக்கிறது.
தை மாதம் முழுக்கக்
கோயம்புத்தூர்க் காற்று
வேலந்தாவளம் செக்போஸ்டில் நிற்காமல்
நேராக எருத்தேம்பதிக்குள் இறங்கி
ராக்கியப்பன் காட்டில் புகுந்து
மண்ணின் ஈரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போகிறது.

நானும் எண்ணத்தான் வந்திருக்கிறேன்.
கிருஷிபவன் படிவம், கயிறு கட்டிய பென்சில்.
ஒரு காட்டுக்கு இருபது செடி,
செடிக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இலை.
நாள்கூலி நானூற்றைம்பது.

பதினொரு மணிக்கே நிலக்கடலை
இலைகளை இரண்டிரண்டாக மடித்துக்கொண்டது.
கும்பிடுகிறது என்று போன வருஷம் ஒரு நிருபர் எழுதினார்.
வெயிலுக்கு விளிம்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.
முகத்தைக் காட்டினால் தண்ணீர் செலவு.
இலையில் கண்ணுக்குத் தெரியாத
அத்தனை வாய்களையும் மூடியிருக்கும்.
மூடினால் பசி. திறந்தால் தாகம்.
இதற்குள்தான் காய் பிடிக்க வேண்டும்.

வரப்போரம் ஆமணக்கு.
பூச்சி முதலில் இதைத் தின்னட்டும் என்று நட்ட காவல்.
யாரும் அதனிடம் கேட்கவில்லை.

அது தனக்கென்று ஆள் வைத்திருக்கிறது.
காம்பு இலையைத் தொடும் இடத்தில் இரண்டு முடிச்சு,
ஊசிமுனை அளவு தேன்.
பூக்காத செடியில் தேன் எதற்கு
என்று எறும்பு கேட்பதில்லை. வாங்கிக்கொண்டு
மேலும் கீழும் நடக்கிறது,
முட்டை கண்டால் தூக்கிப் போகிறது.
காற்று பலத்த நாளில் முடிச்சு வறண்டுவிடும்.
அன்றைக்கு எறும்பும் இல்லை.
கூலி நின்றால் நானே வரமாட்டேன்.

பதிமூன்றாம் செடியில்
முதுகை வளைத்து வளைத்துக் காவடிப் புழுக்கள்.
நரம்பை விட்டு மிச்சமெல்லாம் தின்று
இலையைக் குடைக்கம்பி ஆக்கியிருந்தன.
கடித்த இடத்திலிருந்து ஒரு பச்சை வாடை.
அறுத்த புல்லின் வாடைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு,
எனக்குச் சொல்லத் தெரியாது,
ஒரு குளவிக்குத் தெரிகிறது.
கொசுவைவிடச் சின்னது.
இந்தக் காற்றில் எப்படித்தான் வந்ததோ.

வந்திருக்கிறது. இருபது செடியும் முடித்தபோது
அறுபத்தெட்டுப் புழு. அதில் நாற்பத்தொன்றின் வாலில்
வறுத்த சீரகம் போல ஒரு கூடு ஒட்டியிருந்தது.
அந்தப் புழு நகர்வதில்லை. தின்பதில்லை.
தொட்டால் தலையை ஆட்டுகிறது.

படிவத்தில் இரண்டே கட்டம்:
உயிருள்ளது, செத்தது.

ஜிஷா மேடத்துக்கு போன் போட்டேன்.
"ஜீவன் உண்டோ?"
"உண்டு மேடம். ஆனா தின்ன மாட்டேங்குது."
"ஜீவன் உண்டெங்கில் ஜீவனுள்ளதில் எழுதிக்கோ."

எழுதினால் செடிக்கு மூன்றைத் தாண்டும்.
மூன்றைத் தாண்டினால் மருந்து.
மருந்துக்குப் புழு எது, கூடு எது.

வாடகைத் தெளிப்பானோடு
மோட்டார் ரூம் நிழலில் ராக்கியப்பன்.
"அடிச்சரலாமுங்களா?"
"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."
"வாடகைய நீங்க குடுப்பீங்களா?"
நியாயமான கேள்வி.
படிவத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

நாற்பத்தொன்றை இரண்டு கட்டத்திலும் சேர்க்காமல்
குறிப்பு என்ற ஒரு விரற்கடை இடத்தில்
எழுத்தைக் குறுக்கி எழுதினேன்:
இருக்கிறது. தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை.
முப்பது கூட்டில் மூடி திறந்திருந்தது,
கத்தரித்த மாதிரி வட்டமாய்.
மேற்கோரம் நாலு செடிக்கு மருந்து அடித்திருந்தார்.
"மனசு கேக்கலீங்க" என்றார்.
அங்கே புழுவும் கூடும் எறும்பும்
ஒரே நிறத்தில் கிடந்தன.

பதிமூன்றாம் செடிக்கு இலையே இல்லை.
தண்டில் வெண்பூச்சு மட்டும் மிச்சம்.
கணுவில் நகத்தளவு ஒரு தளிர்.
குனிந்து பார்த்தேன்.
இலை விரியும் முன்பே
காம்பில் முடிச்சு வந்திருந்தது.
வறண்டுதான் இருந்தது.