கடைசி அரை அங்குலம்

லாபிஸ் பட்டணம், ஆ லியோங் இரும்புக்கடை.
நைலான் கயிறு மீட்டர் எண்பது சென்.
கறுப்பில் நாற்பது, ஆரஞ்சில் இருபது.
"கூடாரமா, படகா?" என்றான்.
"சாட்டை."
கால்குலேட்டரில் அவன் விரல்
ஒரு நொடி நின்று
மறுபடி நடந்தது.

இரவு ஷிப்ட் முடிந்த பகல்களில்
சன்னல் கம்பியில் மாட்டிப் பின்னுகிறேன்.
உள்ளே ஒரு மெல்லிய குழாய்,
குழாய்க்குள் சைக்கிள் கடை எஃகுக் குண்டுகள்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணித்தான் போட்டேன்.
ஆலை எடைப்பாலத்தில் கிராணி நான்,
கணக்கில்லாமல் எதையும் உள்ளே விடுவதில்லை.

கைப்பிடிக்கு
உடைந்துபோன குலை வெட்டும் கழியில் ஒரு சாண்.
அதிலிருந்து பன்னிரண்டு இழை,
பிறகு பத்து, எட்டு, ஆறு,
கடைசியில் நாலே நாலு.
ஏழாவது சாணில்
மேலே போக வேண்டிய ஆரஞ்சு கீழே போயிருந்தது.
வேறு யார் கண்ணுக்கும் தெரியாது.
பிரித்தேன்.
மூன்று பகல் போயிற்று.

வீச இடம்: ஆலைக் கழிவுக் குளத்துக் கரை.
நாற்றத்துக்குப் பயந்து யாரும் வருவதில்லை.
முதல் வாரம் தொடையில் நீலக் கோடு,
இரண்டாம் வாரம் மூக்குக்கண்ணாடி குளத்தில்,
மூன்றாம் வாரம் ஹெல்மெட்டோடு போனேன்.
கொக்குகள்
பார்த்தும் பாராததுபோல் நின்றன.

பிறகு ஒரு ஞாயிறு,
கையை ஓங்கவில்லை,
கதவைத் தள்ளுவதுபோல் தள்ளி
நிறுத்தினேன், அவ்வளவுதான்.
தடித்த இடத்தில் சோம்பலாய்ப் புறப்பட்ட அலை
மெலிய மெலிய அவசரப்பட்டு
கடைசி அரை அங்குலத்தில்
சத்தத்தையே முந்திக்கொண்டு
டப்!

எதிர்க்கரைச் செம்பனை வரிசை
அதைத் திருப்பிச் சொன்னது, சற்றுப் பிந்தி,
லோரிக்காரர்கள் ரசீது எண்ணைத் திருப்பிச் சொல்வதுபோல.
கொக்குகள் இப்போது பார்த்தன.

துப்பாக்கிச் சத்தம் என்று யாரோ சொல்லிவிட
மோட்டார் சைக்கிளில் வந்தார் கார்ப்பரல் அஸ்மி.
வாங்கிப் பார்த்தார். வீசினார்.
காது சிவந்தது.
இன்னொரு தடவை என்றார்.
அன்றைய குறிப்பேட்டில்
என்ன எழுதினாரோ.

லோரிக்காரன் தேவேந்திரன் கேட்டான்,
"தண்டல் வேலைக்கு மனுப் போட்டிருக்கியா?"
அக்காள் நவமணி போனில்,
"வரப்போற மாப்பிள்ளைக்கா?"
சாட்டை என்றதும் எல்லாருக்கும்
ஒரு முதுகு வேண்டியிருக்கிறது.

ஆடிக்கு இரண்டு வாரம் முன்
முனியாண்டி கோயில் பொருளாளர் சற்குணன் வந்தார்.
சாமி வந்தவருக்குக் கொடுக்க ஒன்று வேண்டுமாம்,
இதே மாதிரி, நானூறு வெள்ளி.
என் மோட்டாருக்கு இரண்டு மாதத் தவணை.
சாட்டையை மடியில் வைத்துத் தடவினார்.
"வலிக்குமா?"
"தெரியாது. இது ஆளைத் தொட்டதில்லை" என்றேன்.
என் தொடையையும் கார்ப்பரல் காதையும்
கணக்கில் சேர்க்கவில்லை.

மணிலாக் கயிற்றில் ஒன்று முறுக்கித் தந்தேன்.
ஒரு மணி நேர வேலை, நூறு வெள்ளி.
"சாமிக்கு வித்தியாசம் தெரியாதா?"
"வந்ததும் கேட்டுப் பாருங்கள்."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

நுனியில் கட்டும் நூல்தான் தேய்கிறது.
வாரத்துக்கு அரை அங்குலம்
பஞ்சாகிப் பறந்துவிடும்.
குளக்கரைப் புல்லில் தேடினால்
ஆரஞ்சுத் தூசியாய்க் கிடக்கலாம்.
தேடியதில்லை.
புதிதாய் முறுக்கிக் கட்டுகிறேன்.

நேற்று இரவு, வண்டி வராத ஒரு மணி நேரம்.
சாட்டையைக் கொண்டுபோய்
எடைப்பாலத்தின் நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் அது மதிப்பதில்லை.

ஹார்ன் கேட்டது.
பதினெட்டு டன் குலையோடு தேவேந்திரன்.
"மேடையில என்ன கிடக்கு, பாம்பா?"
இறங்கமாட்டேன் என்று
கதவைப் பூட்டிக்கொண்டான்.