டோர் லாக்

செல்லூரில் எனக்கு ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்.
முகங்கள் அவ்வளவாகத் தெரியாது.
யார் வீட்டில் ஏசி வந்தது,
யார் வீட்டில் தறி நின்றது,
அது தெரியும்.

சித்திரையில், தறிக்காரர் துளசிராம் வீட்டில் பூட்டு.
கம்பிக் கதவுக்கு அப்பால், எண் தெரியாத தூரத்தில்
மீட்டரின் சிவப்புப் புள்ளி
மினுக்கியது. மினுக்கியது.
ஆளில்லாத வீட்டில் யாருக்கு ஓடுகிறது?
டோர் லாக் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்த மாசம்தான் எனக்கும் எழ முடியாமல் போனது.
காய்ச்சல் இல்லை. ரத்தம் பன்னிரண்டு. தைராய்டு சரி.
ஒரு செருப்பு மாட்டியபின்
அடுத்த செருப்புக்கு இருபது நிமிஷம்.
மசமசன்னு உக்காந்திருக்கா என்றார் வீட்டுக்காரர்.
ராத்திரியானால் ரெண்டு மணிக்கு விழிப்பு.
பல்லைக் கடித்தபடி பதில் தயாரிப்பேன்,
ஏஇ கேட்காத கேள்விக்கு,
நாத்தனார் இன்னும் சொல்லாத சொல்லுக்கு.

கோரிப்பாளையத்தில் டாக்டர் ஃபர்ஹானா
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு மொச்சைக்கொட்டை வரைந்தார்.
உள்ளே இடியாப்பம் மாதிரி மடிப்பு மடிப்பாய்.
மைட்டோகாண்ட்ரியா.
தின்ற சோறும் இழுத்த மூச்சும் சந்திக்கிற இடம்.
"பவர் ஹவுஸ்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க."

படித்தேன். ஆனால் நான் ஈபி.
பவர் ஹவுஸ் எங்கோ இருக்கும்,
நம் வீட்டுச் சண்டை அதற்குக் கேட்காது.

இதற்குக் கேட்குமாம்.
பயந்தால் இதற்கும் தகவல் போகுமாம்.
நாய் துரத்தினால் அரை நிமிஷம் அள்ளிக் கொடுக்கும், சரி.
துரத்தாத நாய்க்கு
விடிய விடிய அள்ளிக் கொடுத்தால்?
வரத்து குறையலாம் என்றார்,
குறைந்தால் மூளை எதை முதலில் அணைக்கும்?
விளக்கை இல்லை.
எழுந்து போய் ஒன்றைச் செய்யணும் என்கிற ஆசையை.
"இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது,
முழுசாத் தெரியாது" என்றும் சொன்னார்.
தெரியாது என்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

அது அம்மா வழியில் மட்டும் வருவதாம்.
அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது
ஒரு ஜோடி தோடு என்றே நினைத்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், நடை.
நடக்கறதுதானே என் வேலை என்றேன்.
"நடக்கறது வேற. துரத்தப்பட்டு நடக்கறது வேற."

செல் என்றால் போ.
செல் என்றால் கறையானும்தான்.
என் உடம்பில் இருப்பது எந்தச் செல் என்று
அன்று ராத்திரி யோசித்தேன்,
யோசனைக்கும் மீட்டர் ஓடும் என்று தெரிந்தே.

ஆனியில் துளசிராம் கதவைத் திறந்தார்.
கடன்காரருக்குப் பயந்து சேலத்தில் இருந்தாராம்.
ஃப்ரிட்ஜை அணைக்க மறந்த ஓட்டம்.
உள்ளே ஒரே ஒரு பாட்டில், நார்த்தங்காய் ஊறுகாய்.
அதைக் குளிர வைக்கத்தான்
அத்தனை நாளும் மினுக்கியிருக்கிறது.

ஊறுகாயைக் காட்டி அவரே சிரித்தார்.
நானும்.
அவருக்கு எல்லாம் இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது.
எனக்கு முதல் நூறை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

திரும்பும்போது ரவுண்டானாவில்
கபடி வீரர்கள் மூச்சை அடக்கி நின்றார்கள்.
சிலைகள். அவர்களால் முடியும்.
வண்டியை ஓரம் கட்டினேன்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்க அடிக்க
மெதுவாக விட்டேன்,
எப்போது இழுத்ததென்றே தெரியாத ஒரு மூச்சை.

இன்று காலை அடுத்த செருப்புக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
வெள்ளை அட்டையின் ஓரத்தில்
பென்சிலால் குறித்து வைத்தேன்.