மற்றவை

லால்பேட்டைக் கரையில் தராசு என் பொறுப்பு.
பதினோரு வருஷமாக.
விடியுமுன் தெர்மாகோல் தெப்பம் ஒதுங்கும்.
கொளஞ்சி வலையை உதறுவான்.
ஜிலேபி விழும்.
இன்னும் ஜிலேபி.
முள்ளுத் துடுப்பை விரித்துக்கொண்டு
ஒரே அச்சில் அடித்த செங்கல் மாதிரி
சாம்பல் நிறத்தில், ஜிலேபி.

சங்கத்து நோட்டில் நான்கு கட்டம்:
கட்லா, ரோகு, ஜிலேபி, மற்றவை.
முதல் இரண்டும் லாரியில் குஞ்சாக வந்தவை.
அவற்றுக்கும் இது சொந்த ஊர் இல்லை,
ஆனால் ரசீது இருக்கிறது.
ஜிலேபியை வீராணத்தில் யார் விட்டது என்று கேட்டால்
காட்டுமன்னார்கோயில்காரர் சேத்தியாத்தோப்பைக் காட்டுவார்,
சேத்தியாத்தோப்பு
மேலே கைகாட்டி, வடவாறு என்று சொல்லிவிடும்.

மற்றவை என்றால்
கெளிறு, குறவை, ஆரால்,
கையில் நிற்காத உளுவை,
வலைக்கண்ணில் கழுத்து மாட்டிய இரண்டு கெண்டை.
எல்லாம் சேர்த்து இன்று
ஒன்றே கால் கிலோ.
விரால் நோட்டுக்கே வராது.
அது ஈரச்சாக்கில் சுற்றி
தாவூத் பாயின் டிவிஎஸ்ஸில் ஏறிப் போய்விடும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று கொளஞ்சிக்கும் தெரியும்.

போன வருஷம் ஆடிட்டுக்காக
பீரோவுக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்தோம்.
கரையான் தின்றது போகப் பதினான்கு கட்டம்.
எட்டாவது கட்டத்தின் தலைப்பை
எழுத்துக்கூட்டிப் படித்தேன், இரண்டு முறை.
கொளஞ்சியை விட்டும் படிக்கச் சொன்னேன்.
கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.
மீன்தான் தெரியவில்லை.

குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.
ரஹ்மத்துன்னிசா மூன்று பிள்ளைகளோடு வருவாள்,
இரண்டு கிலோ ஜிலேபி, பாதி கடன்.
ஆரால் விற்கும் விலைக்கு
அவள் ஆராலின் வாலைக்கூடத் தொட முடியாது.
செக்ரட்டரியின் மகள் பெயர் கயல்விழி.
அவள் தட்டிலும் வாரம் நான்கு நாள் இதுதான்.
ஜிலேபிவிழி என்று பெயர் வைக்க மட்டும்
இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

மே மாதம்
குழாய் வழியாக ஏரி சென்னைக்குப் போனபிறகு
தரை தெரியும்.
தரை முழுக்க வட்ட வட்டமாகக் குழி,
கல்யாணப் பந்தியில் எல்லாரும் எழுந்துபோன பிறகு
எடுக்காமல் விட்ட தட்டுகள்.
ஆண் ஜிலேபி தோண்டியது.
நம்ம கெண்டை
புது வெள்ளம் வரட்டும், புல் நனையட்டும் என்று
வருஷத்தில் ஒரு மழைக்காகக் காத்திருக்கும்.
இதற்கு மழை வேண்டாம், புல் வேண்டாம்,
சாண் ஆழத் தண்ணீரும் கொஞ்சம் சேறும் போதும்,
எந்த மாசமும் முகூர்த்தம்.
அடுத்தவன் முட்டை கண்ணில் பட்டால்
அதுவும் சாப்பாடு.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள்
தட்டில் போட்ட மீனின் தாடை வீங்கியிருந்தது.
ஏதோ புண் என்று விரலால் அழுத்தினேன்.
வாயிலிருந்து கொட்டின,
கமா அளவில் குஞ்சுகள்,
நாற்பதோ ஐம்பதோ,
உடம்பை விடக் கண் பெரிதாக.
தாய் செத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.
அது வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

தாயை எடுத்துக் கூடையில் போட்டேன்.
பூஜ்யத்தில் வைத்துவிட்டு
தட்டைப் பார்த்தேன்.
பூஜ்யமாகவே இருந்தது, உள்ளே துள்ளல்.

கரையில் கொட்டியிருக்கலாம்.
கொக்கு நின்றிருந்தது, பத்தடியில்,
கேட்காமலே கேட்டுக்கொண்டு.
கெளிறும் குறவையும் நினைவில் வந்தன,
அந்த எட்டாவது கட்டம் வந்தது.
தட்டு வழுவழுவென்று இருந்தது.
கழுவ வேண்டும்.
கழுவ எங்கே போவது, ஏரிக்குத்தான்.

முழங்கால் தண்ணீரில் குனிந்து
தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தேன்.
கலங்கலில் ஒரு கணம் கருப்பாக நின்று
பிறகு இல்லை.

நிமிர்ந்தால் கொளஞ்சி.
பார்த்துக்கொண்டே வலையில் சிக்கெடுத்தான்.
திட்டுவான் என்று நின்றேன்.
"மைமூனக்கா,
யாரு விட்டதுன்னு எவனாவது கேட்டா
இனிமே வடவாறுன்னு சொல்ல வேணாம்ல"
என்றான்.