வயிற்றில் செவுள் இல்லை

இரவு இரண்டு பத்துக்கு
பக்கிரிசாமியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
திருவாரூர் பெரியாஸ்பத்திரி, ஸ்கேன் அறை.
வாயோரம் நுரை. வேட்டியில் ரத்தம்.
கூட வந்த கமலவேணியின் கையில் கட்டைப்பை,
பைக்குள் நீலக் கேன்.
"இதைத்தாங்க குடிச்சாரு.
சொட்டு எண்ணித்தான் குடிப்பாரு எப்பவும்.
இன்னைக்குக் கரண்டு இல்லை,
தண்ணி பாட்டில்னு எடுத்துட்டாரு."

ஹைட்ரஜன் பெராக்சைடு, முப்பத்தைந்து சதவீதம்.
ஜாம்புவானோடை இறால் குட்டையில்
காற்று அசையாத விடியற்காலைகளில்
இறால்கள் மூச்சுமுட்டி மேலே வந்து
மீசையை ஆட்டும்.
கேனைத் திறந்து ஊற்றினால்
சற்று நேரத்தில் அடங்கிக் கீழே போகும்.
பன்னிரண்டு வருஷம் அதைக் கண்ணால் கண்டவரிடம்
மன்னார்குடி கல்யாண மண்டபத்தில்
மைக் பிடித்த ஒருவன் சொன்னான்:
எல்லா நோயும் பிராணவாயுப் பஞ்சம்.
பக்கிரிசாமிக்குச் சர்க்கரை, காலில் மரப்பு.
இறால் பிழைக்கிறதே, நான் பிழைக்க மாட்டேனா?
கேள்வியில் தப்பில்லை.
வயிற்றில் செவுள் இல்லை, அவ்வளவுதான்.

திரையில் கல்லீரல் வந்தது.
அதற்குள் கறுப்பாய், கிளைகிளையாய்,
மேட்டூர் மூடிய மாதத்தில்
உயரத்திலிருந்து பார்த்த ஆறுகள்.
ரத்தம் ஓடவேண்டிய சிரைகளில் காற்று.
ஒரு மில்லி உள்ளே போனால்
நூறு மில்லிக்கு மேல் வாயுவாய் விரியும்.
அவர் குடித்தது ஒரு மடக்கு.
குமிழி மூளைக்கு ஏறினால் வாதம்.
இதயத்தில் அடைத்தால்
அப்புறம் ஸ்கேன் தேவையில்லை.

விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றேழு காட்டியது.
நிரம்பி ஓடும் வாய்க்கால்.
இதில் குடம் குடமாய் ஊற்றி
எந்தக் கடைமடைக்குப் பாயும்?
மதகு நுரையீரலில் இருக்கிறது.
இவர் கரையை வெட்டியிருக்கிறார்.

விடியும்வரை வேறு கேஸ் இல்லை.
தேடித் தேடிப் படித்தேன்.
குணமானேன் என்றவர்கள் ஏராளம்.
பாதிப் பேருக்கு இதையும்
மறுபாதிக்கு வெறும் தண்ணீரையும் கொடுத்து
யாருக்கு எது என்று யாரும் அறியாமல்
எண்ணிப் பார்த்த ஆய்வு
ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.
பட்டதெல்லாம் இந்தப் படம்தான்.
வேறு ஊர், வேறு கேன்,
அதே கறுப்புக் கிளை.
நம் வெள்ளணுக்களே இதைச் சுரக்கின்றன என்றும் இருந்தது,
கிருமியை வளைத்த இடத்தில் மட்டும், துளியிலும் துளி,
அணைக்கத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
வரப்பைக் கொளுத்துகிறவன்போல.
மைக்காரன் கொளுத்துவதுவரைதான் படித்திருக்கிறான்.

மூன்றாம் நாள் இன்னொரு ஸ்கேன்.
காற்று கரைந்திருந்தது, தானாக.
பக்கிரிசாமி வெந்த உதட்டோடு சிரித்தார்.
"அவ்வளவு குடிச்சும் சாவலை பாத்தீங்களா மேடம்,
மருந்து உள்ள வேலை செஞ்சிருக்கு."
அடுத்த கூட்டத்தில்
மைக் இவர் கைக்குப் போய்விடும்.
அவசரமாகப் பழைய படத்தைக் காட்டினேன்.
பொறுமையாகப் பார்த்தார்.
"ஒரு படம்தானே" என்றார்.
சரிதான்.
ஒருவர் பிழைத்தது சான்றாகாது என்று சொல்லவந்தவள்
ஒருவர் படத்தைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன்.
மற்றவற்றைச் சொல்ல ஆரம்பித்தேன்.
சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது.

வார்டுக்குப் பின்னால்
கமலவேணி வேட்டியை உதறிக் காயப்போட்டாள்.
தும்பைப்பூ வெள்ளை.
"மிச்சத்தைத்தாங்க கறையில விட்டேன்.
பொங்கிப் பொங்கிப் போயிடுச்சு.
இதுக்கு மட்டும் நல்லா கேக்குது."
அவள் விரல்நுனிகள்
சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தன.
எரியுதா என்றேன்.
"லேசா."
குழாயைத் திறந்து
கையை நீட்டச் சொன்னேன்.