பதினெட்டு

இருமத்தூருக்குக் கீழே தென்பெண்ணையில்
தண்ணீர் இல்லை.
லாரிக்காரர்கள் விட்டுவைத்த மணல் மட்டும்
பங்குனி வெயிலில் மாவாகக் கிடந்தது.
அக்கரையில் சென்னம்மாளின் கறவை
விடிந்ததிலிருந்து முக்குகிறது.
கன்றின் ஒரு கால்தான் வெளியே.

"விடு வண்டியை" என்றார் டாக்டர் நஸ்ரின்.
நான் இறங்கினேன்.
வால்வில் தீக்குச்சியை வைத்து அமுக்கி
டயர் டயராகக் குந்தினேன்.
உஸ்ஸென்று போகிற காற்றுக்கு
யாருடைய அவசரமும் தெரியாது.
முப்பத்திரண்டு. இருபத்தைந்து. பதினெட்டு.
உண்டு சாய்ந்தவன் வயிறுபோல்
ரப்பர் தளர்ந்து அகலமானது.

குட்டைக் கம்பியை ஃபோர் லோவில் தள்ளி
இரண்டாம் கியர்.
இனி கிளட்ச் இல்லை, பிரேக் இல்லை.
ஸ்டியரிங்கை நெரிக்கவும் கூடாது:
மணல் இழுக்கிற பக்கம்
கொஞ்சம் விட்டுக்கொடுத்து,
கொஞ்சம் கேட்டு வாங்கி.
பால் பொங்காமல் பார்க்கிற அடுப்புத் தீயாக
ஆக்சிலேட்டரில் பாதம்.

பாதி ஆறு.
ஒரு நாணல் புதர், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
டாக்டர் கைப்பேசியில் மணி பார்த்தார்.
"அமுத்து, திம்மராயா."

அமுத்தினேன்.

பின்சக்கரம்
தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது.

காலை எடுத்துவிட்டேன்.
இன்னொரு அமுத்து, அச்சுவரை போயிருக்கும்.
கையால் வாரினேன். அவரும் வாரினார்,
ஒன்றும் பேசாமல்.
கால்மிதி இரண்டு, உரச்சாக்கு ஒன்று,
சக்கரங்களுக்குப் பின்னால்.
வந்த தடத்திலேயே நாலடி பின்னே.
பிறகு, மெல்ல, வேறு தடத்தில்.
கெட்டித் தரை தட்டும்வரை
மூச்சைக்கூட மாற்றவில்லை.

தொழுவத்தில் நாலு ஆண்கள்
கன்றின் காலில் கயிறு கட்டி
இழுக்கத் தயாராக நின்றார்கள்.
தோள்வரை கையை உள்ளே விட்டிருந்த டாக்டர்
"யாரும் இழுக்காதீங்க" என்றார்.
"முதல்ல உள்ளே தள்ளணும்.
மடங்கின காலை நிமித்தணும்.
அப்புறம், மாடு முக்கும்போது மட்டும்."
சொல்லிவிட்டு
என்னை ஒருமுறை பார்த்தார்.
நான் முழங்கை மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளை.

திரும்பி ஆற்றைத் தாண்டி
தார்ச்சாலைக்கு முன் நிறுத்தினேன்.
தளர்ந்த டயரோடு வேகம் எடுத்தால்
வளைவில் வண்டி நம்முடையதல்ல.
கால்பம்பு. டயருக்கு இருநூறு மிதி இருக்கும்.
டாக்டர் முன்சீட்டில் இருந்தபடி எண்ணினார்,
சத்தமாக,
மூன்றாவது டயரில் நூற்று நாற்பதுவரை.
பிறகு சத்தம் இல்லை.
கதவுக் கண்ணாடியில் சாய்ந்த தலை,
காதோரம் காய்ந்த மணல்.

மிச்சத்தை
மெதுவாகவே மிதித்தேன்.