சங்கு

கோட்டைத் தாண்டிய பிறகும்
பத்தடி ஓடிக்கொண்டிருந்தேன்.
யாரோ கையை நீட்டி மறித்தார்கள்.
"அக்கா, முடிஞ்சுதுங்க."

முடிஞ்சுதா.

மைக்கில் என் பேரைத் துல்சிமனி என்றான்.
திருத்துவதற்கு வாயில் எச்சில் இல்லை.
போகட்டும்,
ரேஷன் கார்டில் இன்னும் நான் துளசிமாணிதான்.

மில் பனியன் போட்டு வந்த பதினோரு பேரில்
பத்துப் பேருக்கு அஞ்சு கிலோமீட்டர்.
போட்டோ எடுத்து, பொங்கல் தின்று,
ஏழரைக்கே வேனில் ஏறிவிட்டார்கள்.
நான் மட்டும் படிவத்தில்
கடைசிக் கட்டத்தை டிக் அடித்திருந்தேன்.
நாற்பத்திரண்டு.
ஹெச்.ஆர். தம்பி இரண்டு தடவை கேட்டான்:
"அம்மணி, தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

ரிங் ஃப்ரேமில் பதினாறு வருசம் சைடர்.
இந்தப் பக்கம் ஐநூறு கதிர், அந்தப் பக்கம் ஐநூறு,
நடுச்சந்தில் நான்.
இழை அறுந்த இடத்துக்கு நட, ஒட்டு, திரும்பு.
சூப்பர்வைசருக்குத் தெரியாமல்
மகனுடைய பழைய போனை ஒருநாள்
இடுப்பில் செருகி வைத்திருந்தேன்.
அடியை எண்ணிச் சொன்னது:
பதினேழு கிலோமீட்டர்.
கேட்டைக்கூடத் தாண்டாமல்.

அதற்கடுத்த வாரம்தான்
பி.ஏ.பி. வாய்க்கால் மேட்டில் ஓடத் தொடங்கினேன்,
நைட் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு.
காற்றாலைகள் நின்ற ஒரு விடிகாலையில்
எருமையை ஓட்டி வந்தவர் கேட்டார்:
"ஏனுங் அம்மணி,
நீங்க ஆரையாச்சும் தொரத்தறீங்களா,
ஆராச்சும் உங்களைத் தொரத்தறாங்களா?"
மூன்று நாள் கழித்து நல்ல பதிலொன்று தோன்றியது.
அதற்குள் எருமையை விற்றுவிட்டார்,
அந்தப் பக்கம் வருவதில்லை.

இன்றைக்குச் சிங்காநல்லூர்க் குளத்தை
இருட்டில் கடந்தேன், வாசனையால் தெரிந்தது.
முப்பத்திநான்காவது போர்டுக்குக் கீழே
தொடையில் ஒன்று அறுந்தது.
கை தானாக மேலே போனது.
இரண்டு விரலும் சேர்ந்து
காற்றில் எதையோ ஒட்டப் பார்த்தன.
அதற்குப் பிறகு
ஒரு ஆரஞ்சு மிட்டாய்,
பெட்ரோல் பங்கில் ஓஸைத் திருப்பித்
தலையில் தண்ணீர் விட்ட பையன்,
வேறு நினைவில்லை.

ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும்.
ஊதிய பிறகும் ஃப்ரேம் ஓடும்.
அடுத்தவள் வந்து என் சந்தில் நிற்பாள்,
நான் விட்ட இழையை அவள் ஒட்டுவாள்.
பதினாறு வருசத்தில் எதுவும் முடிந்ததில்லை,
கைமாறியிருக்கிறது.

இங்கே மாற்றாள் வரவில்லை.
ஸ்பீக்கர் அலறியது,
அதற்குள்ளே என் காது
நிறுத்தின மிஷின் மாதிரி கிடந்தது.

அழுகை வரும் என்றிருந்தார்கள். வரவில்லை.
கழுத்தில் மெடல் குளிர்ந்தது.
வாழைப்பழம் ஒன்று கொடுத்தார்கள்.
எந்தப் பக்கத்திலிருந்து உரிப்பதென்று
பிடித்துக்கொண்டே நின்றேன்.

காலேஜ் பிள்ளை ஒருத்தி, கத்தரியோடு வந்தாள்.
"காலை நீட்டுங்கக்கா, சிப்பு எடுக்கோணும்."
குனிய முடியவில்லை என்னால்.
அவள் தார் ரோட்டிலேயே உட்கார்ந்து
என் பாதத்தைத் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டாள்.
வேண்டாங் கண்ணு, ஒரே அழுக்கு.
"சித்தெ இருங்கக்கா."
கத்தரி ஒரு தடவை சத்தம் போட்டது.
பிளாஸ்டிக் பட்டை அறுந்தது.

விரல் மறுபடி எழுந்தது.

ஒட்ட வேண்டாம், விட்டுவிடு என்று
அதற்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
சொன்னதும்
உடம்பு முழுக்கக் குலுங்கி வந்தது பாருங்கள்,
அவள் தலைமேலேயே.
"வலிக்குதுங்களாக்கா?"
ம், என்றேன்.

பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர் மெடலைத் திருப்பிப் பார்த்தார்.
"எங்கிருந்து எங்க வரைக்குங்க ஓடுனீங்க?"
ரேஸ்கோர்ஸிலிருந்து ரேஸ்கோர்ஸ் வரைக்கும்.
"அதுக்கு நாப்பத்திரண்டா!"
சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது,
சிரித்தால் விலா வலித்தது.

சீட் காலியாகத்தான் இருந்தது.
உட்கார்ந்தால் எழ முடியாதென்று
கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தேன்.
சூலூர் தாண்டும்போது
எங்கோ ஒரு மில்லில் சங்கு ஊதியது.
என்னுடையது இல்லை.
வாழைப்பழத்தை உரித்தேன்.